தொட்டி மல்லிகைக் கொழுந்து வெளுத்தால்

கொழுந்து இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. யூரியா போட்டால் தேறாது, அது தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). தழைச்சத்துக் குறையில் அடி இலைதான் முதலில் மஞ்சளிக்கும். மதுரைப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்தது. அதை ஊற்ற ஊற்ற, மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது.

என் மாடியில் பலித்தது: லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), வெயில் தாழ்ந்ததும் இலை நனையத் தெளிப்பு, கொழுந்து பச்சையாகும்வரை மாதம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள், துருநிறமான கரைசலில் பலன் குறைவு, தரையிலும் கறை பிடிக்கும். பழைய இலையைப் பார்த்து ஏமாறாதீர்கள், பலித்ததா என்பதைப் புதுத் துளிர்தான் சொல்லும். மழைநீர் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது.

நவம்பர் கடைசியில் மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேல் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, தொழுவுரம் வையுங்கள். பங்குனியில் மொட்டு பிடிக்கும்.