விண்டோஸில் மொஸ்கிட்டோவைத் தொகுத்துச் சோதிக்கும் முறை

மொஸ்கிட்டோ என்பது கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் எம்.க்யூ.டி.டி. நெறிமுறையில் வரும் செய்திகளை வாங்கி, அவற்றுக்குச் சந்தா செய்தவர்களிடம் சேர்க்கும் திறமூலப் புரோக்கர் (இடைத்தரகு நிரல்). இதற்கு ஆயத்த நிறுவி கிடைக்கிறது என்றாலும், மூலநிரலில் ஒரு வரியையாவது மாற்றிப் பார்க்க விரும்புபவர் அதைத் தம் கணினியிலேயே தொகுத்தாக (இயங்கும் நிரலாக மாற்றியாக) வேண்டும்.

விஷுவல் ஸ்டுடியோவின் சி++ கருவிகள், மூலநிரலை இறக்க உதவும் கிட், தொகுப்பை ஒழுங்குசெய்யும் சிமேக் ஆகியவற்றை நிறுவிக்கொண்டு மூலநிரலை இறக்குங்கள். மொஸ்கிட்டோவுக்குத் தேவையான ஓபன்எஸ்எஸ்எல், சிஜேசன், பிதிரெட்ஸ் ஆகிய நிரல் நூலகங்களைத் தனித்தனியே தேடி அலைவதைவிட, வி.சி.பி.கே.ஜி. என்னும் நூலக நிறுவி வழியாக 64 பிட் வடிவில் நிறுவுவதே நல்லது. ஒன்றோடொன்று பொருந்தாத தொல்லை அதில் மிகக் குறைவு. அந்த நூலகங்கள் இருக்கும் இடத்தை அறிய, சிமேக்கிற்கு வி.சி.பி.கே.ஜி.யின் டூல்செயின் கோப்பைக் காட்டி, ஆவணம் உருவாக்கும் தெரிவை அணைத்துவிட்டு, ரிலீஸ் முறையில் தொகுங்கள்.

முடிந்ததும் புரோக்கர் ஒரு கோப்புறையிலும், செய்தியை அனுப்பும் பப், பெறும் சப் என்னும் கிளையன்ட் நிரல்கள் இன்னொன்றிலும், அவற்றுக்குத் தேவையான மொஸ்கிட்டோ டி.எல்.எல். என்னும் நூலகக் கோப்பு மூன்றாவதிலும் இருக்கும். அந்த டி.எல்.எல். கோப்பைக் கிளையன்ட்கள் உள்ள இடத்துக்கு நகலெடுக்காவிட்டால் அவை தொடங்கவே மாட்டா.

இனி வருவதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம். புரோக்கரை இருமுறை சொடுக்கியபோது கறுப்புச் சாளரம் ஒரு கணம் தோன்றி மறைந்தது. அது பின்னணியில் ஓடுவதாக எண்ணி, பப் வழியே அனுப்பிய செய்தியும் சப்பில் சரியாக வந்து சேர்ந்தது. ஆனால் நிரலில் நான் செய்த மாற்றம் மட்டும் எங்கும் தென்படவில்லை. முன்பு எப்போதோ நிறுவிய மொஸ்கிட்டோ, பின்னணியில் ஓடும் விண்டோஸ் சேவையாக, புதியதும் கேட்கும் வழக்கமான 1883 போர்ட்டை (இணைப்புகள் வந்து சேரும் வாயில் எண்ணை) ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்ததால், புதியது தொடங்கிய வேகத்தில் நின்றுவிட்டது. பதில் சொன்னதெல்லாம் பழையதுதான். புரோக்கர் தன் நிலையைத் தானே அறிவிக்கும், டாலர் குறியோடு தொடங்கும் சிஸ் தலைப்புகளில், புரோக்கர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லும் அப்டைம் தலைப்புக்குச் சந்தா செய்து, அது 2,59,000 விநாடிகளுக்கு மேல் (ஏறக்குறைய மூன்று நாள்) காட்டியதைக் கண்ட பிறகே உண்மை விளங்கியது.

ஆகவே கட்டளைச் சாளரத்திலிருந்தே, விரிவான பதிவைக் காட்டும் தெரிவுடன், 1884 போர்ட்டில் புரோக்கரைத் தொடங்கி, கிளையன்ட்களுக்கும் அதே எண்ணைக் கொடுங்கள். பழைய சேவையை நிறுத்துவதைவிட இம்முறையையே நான் விரும்புகிறேன். புதியது ஓடாவிட்டால் இணைப்புப் பிழை உடனே வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

2.0 பதிப்பு முதல், உள்ளமைவுக் கோப்பு இல்லாத புரோக்கர் அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். எந்தப் போர்ட்டில் இணைப்புகளை ஏற்பது என்று சொல்லும் லிசனர் வரியைக் கோப்பில் சேர்த்ததும் பயனர் பெயரின்றி வருபவர்களை மறுக்கும். வேறொரு கணினியிலிருந்து சோதிப்பவர்கள் அப்போதே கடவுச்சொல் கோப்பையும் அமைத்துவிடுங்கள். சோதனைக்காகத்தானே என்று எல்லோரையும் அனுமதிக்கும் வரியைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பின்சேர்க்கை: அப்டைம் தலைப்புக்குச் சந்தா செய்தும் எதுவுமே வரவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் பயன்படுத்தியது விண்டோஸின் பவர்ஷெல் என்னும் கட்டளைச் சாளரம். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறியோடு வரும் சொல்லை அது மாறியாக (ஒரு மதிப்பைத் தாங்கும் பெயராக) கருதும். அப்படியொரு மாறி இல்லாததால் தலைப்பின் முற்பகுதி காணாமல் போய், சப் வேறொரு தலைப்புக்காகப் பிழை எதுவும் காட்டாமல் காத்திருக்கும். ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால், வழக்கமான அமைப்பில் 10 விநாடிக்கு ஒருமுறை கணக்கு வரும். இப்போது தொடங்கிய புரோக்கரானால் அது சிறிய எண்ணாகவே இருக்கும்.