எது சுயாதீன விளையாட்டு? வாக்கெடுப்புக்கு முன்னரே முடிவுசெய்யும் முறை

வன்னியில் கணினி விளையாட்டுகளில் ஈடுபாடுள்ள இளைஞர் வட்டமொன்று, ஆண்டின் சிறந்த சுயாதீன விளையாட்டை, அதாவது பெருநிறுவனங்களின் பிடியில்லாமல் ஆக்கப்பட்ட இன்டி கேமை, உறுப்பினர்களின் வாக்கால் தெரிவுசெய்ய முன்வந்தால், முதலில் எழும் சண்டை எது சிறந்தது என்பதைப் பற்றியதாக இராது. எதற்குப் பட்டியலில் இடமுண்டு என்பதைப் பற்றியதாகவே இருக்கும். அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவரும், வவுனியாப் பல்கலைக்கழக மாணவரும், உயர்தரப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவரும் ஒரே வட்சப் குழுவில் இருக்கும்போது, எது இன்டி என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருப்பது இயல்பு. ஊர் விளையாட்டுக் கழகங்கள் மென்பந்துச் சுற்றுப்போட்டி வைக்கும்போது, வெளியூர் ஆட்டக்காரர் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதை அறிவித்தலிலேயே சொல்லிவிடுகின்றன. முதற்பந்து வீசப்பட்ட பின்னர் அதைப் பேச எவரும் இடங்கொடுப்பதில்லை. இங்கும் அந்த ஒழுங்கே வேண்டும். பெயர்கள் முன்மொழியப்படும் முன்னரே விதி எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் பெயர் வந்துவிட்டால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த விளையாட்டுக்கு ஏற்ற விதியையே கேட்பார்கள்.

விதி எழுதாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய இடத்து உதாரணமே இருக்கிறது. கணினி விளையாட்டுகளுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் 'த கேம் அவார்ட்ஸ்' விருதுகளில், 2023ஆம் ஆண்டு சிறந்த சுயாதீன விளையாட்டுக்கான பரிந்துரைகளில் 'டேவ் த டைவர்' இடம்பெற்றது. அதை உருவாக்கிய மின்ட்ரொக்கெட், தென்கொரியாவின் மிகப்பெரிய விளையாட்டு நிறுவனங்களுள் ஒன்றான நெக்சோனுக்குச் சொந்தமானது. பழைய விளையாட்டுகளைப் போல் சிறு சதுரப் புள்ளிகளால் வரைந்த பிக்சல் ஓவியமும் எளிமையான தோற்றமும் இருந்ததால் பலர் அதைச் சுயாதீனம் என்றே எண்ணினர்; உரிமையை அறிந்தவர்கள் கொதித்தனர். அந்த ஆண்டு விருது 'சீ ஒஃப் ஸ்டார்ஸ்' விளையாட்டுக்குப் போனாலும் விவாதம் ஓயவில்லை. தோற்றத்தை ஒருபோதும் சான்றாக ஏற்காதீர்கள் என்பதே இதிலிருந்து நம் விதிக்கு வரவேண்டிய முதல் வரி.

தகுதியைத் தீர்மானிக்கப் பல கேள்விகள் சொல்லப்படுவதுண்டு. என் மதிப்பில் முதற்கேள்வி ஒன்றே ஒன்றுதான்: விளையாட்டை ஆக்கும் நிறுவனமான ஸ்டூடியோ யாருக்குச் சொந்தம்? இன்னொரு பெரிய விளையாட்டு நிறுவனத்துக்கோ, எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்டேஷன் போன்ற தளங்களை நடத்தும் நிறுவனத்துக்கோ சொந்தமாக இருந்தால், குழு எவ்வளவு சிறியதாயினும் பட்டியலில் இடமில்லை என்று எழுதிவிடுங்கள். 2022இல் வந்த 'பென்டிமென்ட்' மிகச் சிறிய குழுவின் கைவேலை. ஆனால் அதை ஆக்கிய ஒப்சிடியன் ஸ்டூடியோ, எக்ஸ்பொக்ஸை நடத்தும் மைக்ரோசொஃப்டுக்குச் சொந்தமானது. இந்த விதியின்படி அது வெளியே நிற்கும். சிலருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் சரிபார்க்கக்கூடிய கடுமை, சரிபார்க்க முடியாத தாராளத்தைவிட மேலானது.

இரண்டாம் கேள்வி, விளையாட்டைச் சந்தைக்குக் கொண்டுவரும் வெளியீட்டாளர் யார், அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பது. வெளியீட்டாளர் இருப்பதனாலேயே ஒரு விளையாட்டைத் தள்ளிவிட்டால் பட்டியலில் மிஞ்சுவது சொற்பமே. எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கிய 'ஸ்டார்டியூ வலி' 2016இல் வெளிவந்தபோது சக்கிள்ஃபிஷ் அதன் வெளியீட்டாளராக இருந்தது; 2024இல் வந்த 'பலாட்ரோ'வும் ஒருவரின் ஆக்கம்தான், பிளேஸ்டாக் அதை வெளியிட்டது. இவற்றைச் சுயாதீனம் அல்ல என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆகவே, விளையாட்டின் உரிமை ஆக்கியவரிடமே இருக்கிறதா, உள்ளடக்கத்தில் இறுதிச் சொல் அவருடையதா என்று கேட்பதே போதும்.

குழுவின் அளவும் செலவும் மூன்றாமிடத்துக்குரியவை. உரிமையை மட்டும் பார்த்தால் 'பால்டர்ஸ் கேட் 3' கூடச் சுயாதீனமாகிவிடும்: அதை ஆக்கிய லாரியன் ஸ்டூடியோ தானே வெளியிட்டது, சீனப் பெருநிறுவனமான டென்சென்டிடம் இருப்பது லாரியனின் சிறுபான்மைப் பங்கு மட்டுமே. ஆனால் பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஆக்கத்தைத் தனியொருவரின் ஆக்கத்தோடு ஒரே வாக்குச்சீட்டில் வைப்பது நியாயமாகாது. 2025இல் 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' த கேம் அவார்ட்ஸில் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதோடு சிறந்த சுயாதீன விளையாட்டு விருதையும் எடுத்துக்கொண்டபோது இதே முணுமுணுப்பு எழுந்தது. இதற்குச் சுலபமான தீர்வு, ஐந்து பேருக்கு உட்பட்ட குழுக்களுக்குத் தனிப்பிரிவு வைப்பதும், மேல் எல்லையாக ஓர் எண்ணை, ஐம்பது என்றோ நூறு என்றோ, வெளிப்படையாகக் குறித்துவிடுவதுமே. எந்த எண்ணும் ஓரளவு தன்னிச்சையானதே. அதை ஒப்புக்கொண்டு குறிப்பதில் தவறில்லை.

எந்தத் திகதியின் நிலையைப் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். 'மைன்கிராஃப்ட்' 2011இல் முழுமையாக வெளிவந்தபோது அதை ஆக்கிய மொஜாங் சுயாதீன நிறுவனம். 2014இல்தான் மைக்ரோசொஃப்ட் மொஜாங்கை 2.5 பில்லியன் டொலருக்கு வாங்கியது. வெளியீட்டு நாளின் நிலையே செல்லும் என்று ஒரு வரி போதும்.

இவற்றைச் சரிபார்ப்பது கடினமான வேலையன்று. கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தில், ஒவ்வொரு விளையாட்டின் கடைப்பக்கத்திலும் உருவாக்குநர், வெளியீட்டாளர் என இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் நல்ல அறிகுறி, ஆனால் முடிவல்ல, ஏனெனில் அந்தப் பெயரே ஒரு பெருநிறுவனத்தின் கிளையாக இருக்கலாம். விளையாட்டைத் திறந்தவுடன் வரும் சின்னங்களை அவசரப்பட்டுத் தாண்டாமல் பாருங்கள். விளையாட்டில் காட்டப்படும் ஆக்கியோர் பெயர்ப்பட்டியலின் அடியில் சிறு எழுத்தில் வரும் காப்புரிமை வரியைத் திரைப்பிடிப்பு எடுத்துக் குழுவில் போடுங்கள். அந்த ஒரு வரி பாதி வாதத்தை முடித்துவிடும். ஸ்டீமில் ஒட்டப்பட்டிருக்கும் 'இன்டி' என்ற குறிச்சொல்லை மட்டும் நம்பவேண்டாம். அதை உருவாக்குநரும் விளையாடுவோரும் தாமே இடுகிறார்கள். எவரும் சோதித்துத் தருவதில்லை.

நம் ஊர் ஆக்கங்கள் போட்டிக்கு வரும்போதுதான் விதி உண்மையில் சோதிக்கப்படும். கனடாவிலிருக்கும் மாமா மடிக்கணினி வாங்கப் பணம் அனுப்பினார் என்பதால் ஒருவரின் சுயாதீனம் குறைந்துவிடாது. 2014இல் 'ஹொலோ நைட்' விளையாட்டுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்டர் தளத்தில் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த பணமும் அத்தகையதே. கொடுத்தவர் கதையை மாற்றச் சொல்ல முடியாதவரை அது உதவி மட்டுமே. ஆனால் தொண்டு நிறுவனமொன்று மிதிவெடி விழிப்புணர்வுக்காக முல்லைத்தீவு இளைஞர் இருவரிடம் ஒரு கைபேசி விளையாட்டைச் செய்யக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். குழு சிறியது, உழைப்பு முழுவதும் அவர்களுடையது, கருவோ நம் மண்ணுக்கு மிக நெருக்கமானது. இருந்தாலும் என்ன சொல்லவேண்டும் என்பதை நிறுவனம் தீர்மானித்து, முடிந்தபின் உரிமையையும் அதுவே வைத்துக்கொண்டால், அது ஒப்பந்த வேலை. மாறாக, நிதி மட்டும் கொடுத்து உரிமையை இளைஞரிடமே விட்டிருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். இதை அறிய ஒப்பந்தத்தின் உரிமைப் பந்தியை ஒருமுறை வாசித்துக் காட்டும்படி அவர்களிடமே மரியாதையாகக் கேட்பது போதும். ஊர்க்கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். இறுதியாண்டுச் செயற்திட்டமாக மாணவர் செய்தவற்றைத் தனிப்பிரிவில் வைப்பதே அவர்களுக்குச் செய்யும் நன்மை.

செயற்கை நுண்ணறிவால் ஆக்கிய படங்களையும் குரல்களையும் ஏற்பதா என்பது சுயாதீனத்தோடு நேரடியாகத் தொடர்பற்றது. ஆனாலும் விதியில் ஒரு வரி இருக்கட்டும். 2025 டிசம்பரில் 'இன்டி கேம் அவார்ட்ஸ்' அமைப்பு, எக்ஸ்பெடிஷன் 33க்கு அளித்த விருதுகளை, அதன் ஆக்கத்தில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டிருந்த காரணத்தினாலேயே மீளப்பெற்றது. கொடுத்ததைத் திருப்பி வாங்குவதைவிட முன்னரே கேட்டுவிடுவது மேல்.

தகுதி வாக்கையும் தர வாக்கையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். முதலில், எந்த விளையாட்டையும் முன்மொழியாத மூவரைத் தெரிவுசெய்து, வந்த பெயர்களை விதியோடு ஒப்பிடச் செய்யுங்கள். மூவரும் ஒத்துப்போனால் முடிவு. பிரிந்தால் மட்டும் உறுப்பினர்கள் முன் வையுங்கள். உரிமை பற்றிய கேள்வியில் தோற்ற எதையும் வாக்கால் உள்ளே கொண்டுவர இடமளிக்க வேண்டாம். வெளியீட்டாளரின் அதிகாரம் எவ்வளவு என்பதில் சந்தேகம் வந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். நீக்கியதற்கான காரணத்தை இரண்டு வரியில் எழுதி, ஆட்சேபணைக்கு ஒரு கிழமை கொடுங்கள்.

தர வாக்கில் அதிக வாக்கு பெற்றது வெல்லும் என்று வைத்தால், கூட்டம் சேர்க்கத் தெரிந்தவரே வெல்வார். எந்த விளையாட்டுகளை ஸ்டீமில் விற்பது என்பதற்காக, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2012இல் தொடங்கிய 'ஸ்டீம் கிரீன்லைட்' பயனர் வாக்கெடுப்பில், வாக்களிப்போருக்கு இலவசப் பிரதி தருவதாகச் சிலர் ஆசைகாட்டினர். 2017இல் அந்த முறையே கைவிடப்பட்டது. எனவே ஒவ்வொருவரும் தாம் விளையாடியவற்றுக்கு மட்டும் பத்துக்குப் புள்ளி இட்டு, குறைந்தது ஏழெட்டுப் பேராவது புள்ளியிட்டவற்றின் சராசரியை எடுங்கள். நல்ல கணினி இல்லாதவர்களே நம்மில் அதிகம் என்பதால், வாக்கெடுப்புக்கு முன் ஒரு சனிக்கிழமை சனசமூக நிலைய மண்டபத்தில் இரவல் மடிக்கணினிகளை வைத்து எல்லோரையும் விளையாடவிடுங்கள். ஸ்டார்டியூ வலியும் பலாட்ரோவும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. மற்றவற்றுக்கு ஆளுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள், சின்னப்பிள்ளைகள் வந்து கதிரையைப் பிடித்துக்கொண்டால் அவர்களையும் விளையாடவிட்டு, புள்ளித்தாளை மட்டும் உறுப்பினருக்கே கொடுங்கள்.