சுண்ணாம்புக்கல் கிடைக்காத மலையில் எகிப்தியப் புடைப்புச் சிற்பம் செய்யும் முறை

எகிப்தியக் கல்லறைகளின் வண்ணச் சிற்பங்களைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவர்கள், அவை ஆழமாகச் செதுக்கப்பட்டவை என்று எண்ணிக்கொள்கிறார்கள். எகிப்தின் சக்காராவில் உள்ள அமைச்சர் மெரெருகாவின் கல்லறையிலும், தீபிஸில் உள்ள அமைச்சர் ராமோசேயின் கல்லறையிலும் உருவங்கள் சுவரிலிருந்து சில மில்லிமீட்டர் அளவுக்கே எழும்பி நிற்கின்றன. அந்தச் சிறு உயரத்தின் விளிம்பில் பக்கவாட்டாக ஒளி விழும்போதுதான் தோளும் கன்னமும் உருண்டு தெரிகின்றன. கோத்தகிரியில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும்போது, அதிகம் வெட்டக் கூடாது என்பதையே நான் முதலில் சொல்கிறேன்.

எகிப்தியர்கள் செதுக்கிய சுண்ணாம்புக்கல் எங்கள் மலையில் கிடைப்பதில்லை. நீலகிரியின் சார்னோகைட் என்னும் கடினமான பாறை உளியை மழுக்கிவிடும். மாக்கல் மென்மையானதுதான், ஆனால் அதன் வழவழப்பில் வண்ணம் பிடிப்பதில்லை. ஆகவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் பலகை வார்த்துக்கொள்வதே நல்லது. இதைப் போலி என்று கருத வேண்டியதில்லை. அரசி நெஃபர்தாரியின் கல்லறையைக் குடைந்த இடத்தில் பாறை தரமற்றதாக இருந்ததால், எகிப்தியக் கலைஞர்களே சுவருக்குச் சாந்து பூசி அதில்தான் உருவங்களை வடித்தார்கள்.

ஒரு கண்ணாடியின் மேல் 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மரச்சட்டத்தை வைத்து, உட்புறம் முழுவதும் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். சனவரிக் குளிரில் எண்ணெய் உறைந்திருக்கும், உருக்கித்தான் தடவ வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ பிளாஸ்டரைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள்; தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். இரண்டு நிமிடம் ஊறவிட்டு, காற்றுக்குமிழி சேராதபடி மெதுவாகக் கலக்கிச் சட்டத்தில் ஊற்றி, மேசையைத் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். மறுநாள் சட்டத்தைக் கழற்றினால் கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கம் வழவழப்பாக இருக்கும், அதுவே வேலை செய்ய வேண்டிய முகம். மீந்த கலவையைத் தொட்டிக் குழாயில் ஊற்றாதீர்கள், உள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும்.

இனி வரைதல். நம் தச்சர்கள் நூல் அடிப்பதைப் போலவே, எகிப்தியர்களும் செங்காவியில் தோய்த்த நூலைச் சுவரில் இழுத்துவிட்டுக் கோடு பதித்தார்கள். எகிப்திய வரலாற்றில் 'மத்திய அரசு' எனப்படும், சுமார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம் தொட்டு, நிற்கும் மனித உருவம் உள்ளங்காலிலிருந்து நெற்றியின் முடிக்கோடு வரை 18 கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. முழங்கால் 6ஆம் கோட்டிலும், கழுத்தும் தோளும் சேரும் இடம் 16ஆம் கோட்டிலும் அமையும். உச்சந்தலையைக் கணக்கில் கொள்ளாததற்குக் காரணம், அதைப் பொய்முடியோ மகுடமோ மறைத்துவிடும் என்பதுதான். உங்கள் பலகையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டம் என்று நூல் அடித்தால் 18 சென்டிமீட்டர் உயர உருவம் பொருத்தமாக அமையும். முகமும் கால்களும் பக்கவாட்டிலும், கண்ணும் தோள்களும் நேர்முகமாகவும் இருக்கட்டும். முதலில் செங்காவியில் வரைந்து, பிழைகளைக் கறுப்பில் திருத்துங்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் முடிக்கப்படாமல் நின்றுபோன மன்னர் ஹோரெம்ஹெப்பின் கல்லறையில் சிவப்புக் கோட்டையும், அதன்மேல் கறுப்புத் திருத்தத்தையும், பாதி செதுக்கிய உருவத்தையும் இன்றும் ஒருங்கே காணலாம். இந்த வேலையைக் கற்க விரும்புபவருக்கு அதைவிடச் சிறந்த பாடத்தை நான் அறியேன்.

மேற்பரப்பு உலர்ந்து உள்ளே ஈரம் எஞ்சியிருக்கும்போது செதுக்கத் தொடங்கினால் தூள் அதிகம் பறக்காது. ஆயினும் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். கூரிய கத்தியால் வெளிக்கோட்டை மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி, கோட்டுக்கு வெளியே உள்ள பின்புலத்தைத் தட்டை உளியால் அதே ஆழத்துக்குச் சீவி எடுங்கள். பிறகு உருவத்தின் விளிம்புகளை மட்டும் மெல்ல உருட்டுங்கள். கன்னமும் கெண்டைக்காலும் அரை மில்லிமீட்டர் வேறுபாட்டிலேயே உயிர்பெறுகின்றன. அவசரப்பட்டு ஆழமாக்கினால் பொம்மை போலாகிவிடும். மலையில் மூடுபனி சூழ்ந்த பகலில் ஒளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோலப் பரவுவதால் நிழலே விழாது. அப்போது அறையை இருட்டாக்கி, பலகைக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் ஒரு டார்ச்சை வைத்துப் பாருங்கள். எங்கே இன்னும் உருட்ட வேண்டும் என்பதை நிழலே காட்டிவிடும்.

பலகை நன்றாக உலர ஒரு வாரமேனும் ஆகும். அடுப்புச் சூட்டில் வைத்தால் மாவாக உதிரத் தொடங்கும். வண்ணத்துக்குச் செங்காவி, மஞ்சள் காவி, விளக்குக்கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்புத் தூள் ஆகியவை போதும். நீலத்துக்கு எகிப்தியர்கள் மணல், சுண்ணாம்பு, செம்புத்தாது ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டுச் செயற்கைப் பொடி தயாரித்தார்கள். நமக்கு அல்ட்ராமெரின் தூள் உதவும். பிணைப்புக்குக் கருவேலம் பிசினைப் பயன்படுத்துங்கள். அவர்கள் வண்ணத்தில் கலந்ததும் வேலமரப் பிசினே. நம் கருவேல மரத்தின் தாவரவியல் பெயரிலேயே நைல் நதியின் பெயர் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பிசினை இரட்டிப்புத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். பிசின் மிகுந்தால் வண்ணம் செதிலாக உரியும், குறைந்தால் விரலில் ஒட்டும்; ஓரத்தில் தடவி உலரவைத்துச் சோதித்துவிட்டு மேலே செல்லுங்கள். ஆண் உருவங்களுக்குச் செம்பழுப்பும் பெண் உருவங்களுக்கு மஞ்சளும் பூசுவது அவர்கள் மரபு. வண்ணங்களை முதலில் நிரப்பி, வெளிக்கோட்டை இறுதியில் மெல்லிய தூரிகையால் இழுங்கள்.

நவம்பர் மழையில் நான் வண்ணம் தீட்டிய ஒரு பலகையில் பிசின் உலராமல் நான்கே நாளில் பூஞ்சை பூத்துவிட்டது. அதனால் வண்ண வேலையைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது. முடித்த பலகையை ஈரம் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். நெஃபர்தாரியின் கல்லறையில் ஈரத்தோடு வந்த உப்பு சாந்துக்குப் பின்னால் படிகமாகி ஓவியத்தையே பெயர்த்துத் தள்ளியது. அதைச் சீர்செய்யும் பணி 1992 வரை பல ஆண்டுகள் நடந்தது. உட்சுவரில், சன்னல் பக்கவாட்டில் அமையும்படி மாட்டினால், மாலை வெயில் சாய்ந்து விழும் வேளையில் நீங்கள் உருட்டிய விளிம்பு ஒவ்வொன்றும் துலங்கும்.