காதல் குறும்படத்துக்குப் பின்னணி இசை: ஒரே மெட்டை வைத்து முழுப் படத்தையும் கோப்பது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கேமராவும் கையுமாக நாலு பேர் நிற்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஒரு சைக்கிள், ஒரு காதல் கதை. படம் பிடிப்பதில் யாரும் சோடை இல்லை. இசை என்று வரும்போதுதான் இணையத்தில் கிடைத்த ஒரு பியானோவை முதல் நொடியில் போட்டு, பெயர்கள் ஓடி முடிந்ததும் எடுக்கிறார்கள். அவன் டீ குடித்தாலும் சோகம், அவள் சிரித்தாலும் சோகம்.

இந்தப் பதிவு இசையை முறையாகப் படிக்காதவர்களுக்கானது. கீபோர்டில் ஒரு விரலால் தட்டத் தெரிந்தால் போதும். ஒரு மெட்டு, அதன் சில உருமாற்றங்கள், நிறைய மௌனம். பத்து நிமிடக் காதல் படத்துக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்கு வருகிறான் ஒருவன். கிருமாம்பாக்கத்தில் ஏறுகிறாள் ஒருத்தி. பழக்கம் வளர்கிறது. கடற்கரையில் ஒரு மாலை. அவள் வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். குடும்பத்தோடு பாரிஸுக்குப் போகப் போகிறாள். மிஷன் வீதி ஜென்மராக்கினி மாதா கோயில் வாசலில் பிரிகிறார்கள், மணி அடிக்கிறது. புதுமையான கதை இல்லைதான். பாடம் நடத்த இது போதும்.

படி 1: எடிட்டிங் முடியட்டும்

‘இனி ஒரு ஃபிரேம்கூட மாறாது’ என்று எடிட்டர் சொன்ன பிறகு தொடங்குங்கள். இதைத்தான் பிக்சர் லாக் என்கிறார்கள். அவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும்: திரையின் ஓரத்தில் டைம்கோடு (நொடி, ஃபிரேம் எண்) ஓடும் வீடியோ, வசனம் மட்டும் தனியாக ஒரு ஆடியோ, படம் தொடங்குவதற்குச் சரியாக 2 நொடி முன்னால் ஒரு ‘பீப்’. அதே பீப்பை உங்கள் இசைக் கோப்பிலும் வைத்துத் திருப்பிக் கொடுத்தால், எடிட்டர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவைத்துவிடுவார்.

படம் நொடிக்கு 24 ஃபிரேமா, 25-ஆ என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 24-இல் எடுத்ததை 25-இல் ஓட்டினால் 10 நிமிடப் படம் 24 நொடி சுருங்கிப்போகும். அப்புறம் நீங்கள் எந்தப் பார்வைக்காக இசைத்தீர்களோ, அது வேறொரு காட்சியில் போய் விழும்.

மென்பொருளுக்குக் காசு தேட வேண்டாம். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பரை 60 நாள் இலவசமாகச் சோதிக்கலாம். புராஜெக்டைத் திறந்ததும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். 44.1 என்பது சிடிக்கான கணக்கு. வீடியோவுக்கு 48 தான் வழக்கம்.

படி 2: எங்கே இசை வேண்டாம்?

இயக்குநரையும் உட்காரவைத்துக்கொண்டு படத்தை ஒரு தடவை நிறுத்தாமல் பாருங்கள். அடுத்த தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இதற்கு ஸ்பாட்டிங் என்று பெயர். ஒவ்வொரு இசைத் துண்டும், அதாவது ஒவ்வொரு க்யூவும், எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொன்றையும் எழுத வேண்டும்: இந்த இசை யாருடைய மனசிலிருந்து வருகிறது? அவனுடையதா, அவளுடையதா?

காதல் படத்தில் இந்தக் கேள்விதான் பாதி வேலை. கடற்கரைக் காட்சியில் அவள் ஊரை விட்டுப் போவதை இன்னும் சொல்லவில்லை. அவன் சந்தோஷமாக வேர்க்கடலை கொறிக்கிறான். அவன் பக்கம் நின்றால் இசை குதூகலிக்கும். அவள் பக்கம் நின்றால் அதே மெட்டு தயங்கும். அவள் பக்கம் நில்லுங்கள். அவனுக்குத் தெரியாததைப் பார்க்கிறவருக்குச் சொல்லிவிடுகிறது இசை. வசனம் எழுதியவருக்கு ஒரு பக்கம் மிச்சம்.

‘உன்னைப் பிடிச்சிருக்கு’ என்று வாய்விட்டுச் சொல்லும் இடத்தில் இசை வேண்டாம். சொல்வதற்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குகிறானே, அங்கேகூட வேண்டாம். அவள் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்புகிறாளே, அங்கே முதல் சுரம் விழட்டும்.

முதல் சந்திப்புக்கும் இசை போடாதீர்கள். பஸ் இன்ஜின், கண்டக்டர் விசில், சில்லறைச் சத்தம் எல்லாம் நிறைந்த இடம் அது. பஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை: கடலூர்–புதுச்சேரி தனியார் பஸ்ஸில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அது வசனத்தோடு பதிவானால் வெட்டி எடுக்க முடியாது, யூடியூப் உரிமைக் கோரிக்கையும் தேடி வரும். படம் பிடிக்கும்போதே டிரைவர் அண்ணனிடம் சொல்லிப் பாட்டை நிறுத்திவிடுங்கள்.

எடிட்டர் தற்காலிகமாக ஏதாவது பெரிய படத்தின் இசையைப் போட்டு வைத்திருப்பார். டெம்ப் டிராக் எனப்படும் அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு மியூட் செய்யுங்கள். பத்து தடவை கேட்டால் உங்கள் மெட்டும் அதன் ஜாடையில்தான் பிறக்கும்.

படி 3: கறுப்புக் கட்டைகளில் ஒரு மெட்டு

கீபோர்டில் கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று குழுக்களாக இருக்கும். மூன்று இருக்கும் குழுவின் முதல் கட்டை உங்கள் ‘ச’. அடுத்தது ‘ரி’, அதற்கடுத்தது ‘க’. வலப்பக்கம் தள்ளி, இரண்டு இருக்கும் குழுவில் ‘ப’, ‘த’. இந்த ஐந்தும் சேர்ந்தால், நாலரைக் கட்டைச் சுருதியில் (அந்த முதல் கட்டையை ‘ச’வாகக் கொண்ட சுருதிக்கு அதுதான் பெயர்) மோகன ராகத்தின் சுரங்கள். வெள்ளைக் கட்டையைத் தொடாதவரை அபசுரம் வரவே வராது. தொடங்குகிறவருக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் இல்லை.

இப்போது பத்துப் பன்னிரண்டு சுரத்துக்குள் ஒரு மெட்டு. மூன்று நிபந்தனைகள். ‘க’ அடிக்கடி வர வேண்டும், நீளமாக நிற்க வேண்டும். காரணம் அடுத்த படியில். வாயால் முணுமுணுக்க முடிய வேண்டும். முடிவு ‘ச’வில் இறங்காமல் ‘ரி’யிலோ ‘ப’விலோ தொங்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று: க, ப த ப, க ரி க, ரி. தொங்கும் மெட்டு அடுத்து என்ன என்று கேட்கவைக்கும். ‘ச’வை விட்டுவைத்து, படத்தில் ஒரே ஒரு இடத்தில் இறங்குங்கள்.

கட்டையைத் தட்டுவதற்கு முன் பாடிப் பாருங்கள். விரல் பழகிய தடத்தில்தான் ஓடும்; தொண்டை அப்படியில்லை.

படி 4: ஒரு சுரத்தை இறக்கினால் பிரிவு

மோகனத்தின் ‘க’வுக்கு அந்தர காந்தாரம் என்று பெயர். அதை அரைக் கட்டை இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால், மற்ற நான்கு சுரங்களும் அப்படியே இருக்க, சிவரஞ்சனி ராகத்தின் சுரங்கள் கிடைக்கும். மூன்று கறுப்புக் கட்டைக் குழுவின் மூன்றாவது கட்டையை விட்டுவிட்டு, அதற்கு உடனே இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டையைத் தொடுங்கள். அவ்வளவுதான் மாற்றம். பஸ்ஸில் மலர்ந்த அதே மெட்டு கோயில் வாசலில் கலங்கி நிற்கும். கேட்கிறவருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது. மெட்டு தெரிந்ததுதான், ஆனால் ஏதோ ஆகிவிட்டது என்று மட்டும் உறைக்கும்.

கர்நாடக சங்கீதம் கற்றவர்கள் முறைக்க வேண்டாம். கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, இல்லாமல் ராகம் இல்லை என்பது எனக்கும் தெரியும். நான் சொல்வது சுர மாற்றத்தை மட்டும்.

நம் கதையில் இன்னொரு சங்கதி இருக்கிறது: மாதா கோயில் மணி. ஐரோப்பிய முறையில் வார்த்த தேவாலய மணியைக் கூர்ந்து கேட்டால், அடித்த சுரத்தோடு வேறு சில சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். அவற்றில் தூக்கலாக இருப்பது பெரும்பாலும் சாதாரண காந்தாரம். மணியோசை இயல்பாகவே கொஞ்சம் கனத்துக் கேட்பதற்கு இது ஒரு காரணம். அந்த ஓசைமேல் மோகனத்தை வாசித்தால் இரண்டு காந்தாரங்களும் உரசும். சிவரஞ்சனி பொருந்தி உட்காரும். கதையும் அங்கே அதைத்தான் கேட்கிறது.

ஆனால் மணியின் ‘ச’வும் உங்கள் ‘ச’வும் ஒன்றாக இருக்க வேண்டும். மணியை நாம் மாற்ற முடியாது; மெட்டை மாற்றலாம். அதனால் வேலை தொடங்கும் முன்பே மணியைப் பதிவு செய்துவிடுங்கள். ஃபோனில் உள்ள டியூனர் செயலி மணியிடம் குழம்பிப்போகும். மணி அடித்ததும் அந்தச் சுரத்தை வாயால் பிடித்துக்கொண்டு கீபோர்டில் தேடுவதே நல்லது. நாலரைக் கட்டையாக இல்லாவிட்டால், மெட்டைக் கறுப்புக் கட்டையிலேயே போட்டுவிட்டு, பிறகு மென்பொருளில் டிரான்ஸ்போஸ் செய்து நகர்த்துங்கள். முழுப் படத்துக்கும் அதே சுருதி இருக்கட்டும். கடைசியில் மணி அடிக்கும்போது, படம் முழுக்க அந்தச் சுரத்தை நோக்கியே வந்ததுபோல் இருக்கும். விட்டுவைத்த ‘ச’வை வாசிக்கக்கூட வேண்டாம், மணியே அதைச் சொல்லிவிடும்.

மற்ற உருமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் இரண்டு சுரம் மட்டும். பாதி வேகத்தில் முழு மெட்டு. சொல் இல்லாமல் பெண் குரலில் ஹம்மிங். மெட்டே இல்லாமல், தம்பூராபோல அதன் கீழே நீளமாக ஓடும் ‘ச’, ‘ப’ மட்டும். நம் படத்துக்கு இந்த நாலு போதும்.

படி 5: வேகக் கணக்கு

கடற்கரைக் காட்சி 40 நொடி. 25-ஆவது நொடியில் அவள் முகம் மாறுகிறது. அங்கே இசையும் திரும்ப வேண்டும்.

நிமிடத்துக்கு 72 தட்டு என்று வைத்தால் 40 நொடியில் 48 தட்டு, நாலு நாலாகப் பிரித்தால் 12 ஆவர்த்தம். முழுக்காட்சிக்குக் கச்சிதம். ஆனால் 25 நொடியில் 30 தட்டு முடிந்திருக்கும்; அது ஏழரை ஆவர்த்தம், திருப்பம் நடுவில் மாட்டிக்கொள்ளும். 28 தட்டு வேண்டுமென்றால் வேகத்தை 67.2 ஆக்குங்கள், எட்டாவது ஆவர்த்தத்தின் தொடக்கத்தில் முகம் மாறும். கணக்கு இதுதான்: வேண்டிய தட்டுகளை 60-ஆல் பெருக்கி, நொடியால் வகுக்க வேண்டும். இசை நிரல்கள் தசமப் புள்ளியை ஏற்றுக்கொள்ளும், கவலை வேண்டாம்.

எல்லா அசைவுக்கும் இப்படிப் பொருத்தினால் கார்ட்டூன் ஆகிவிடும். ஒரு காட்சிக்கு ஒரு திருப்பம். அதுவும் முகம் மாறிய அரை நொடி கழித்து இசை மாறினால் இன்னும் நன்றாக இருக்கும்.

படி 6: ஒரே ஒரு ஆள் வாசிக்கட்டும்

கணினி வயலின் பத்து சேர்ந்து செய்யாததை உண்மையான புல்லாங்குழல் ஒன்று செய்யும். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு பிடிக்கும். சுருதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு சுருதிக்கும் தனிக் குழல் வேண்டும். சம்பளம் சின்னதாக இருந்தாலும் கொடுங்கள், பெயரையும் போடுங்கள்.

துணி அலமாரி உள்ள அறை, ஃபேன் அணைத்த பின்மதியம், வாசிப்பவருக்கு ஹெட்ஃபோன். ஒலிப்பதிவுக் கூடம் இதற்குத் தேவையில்லை.

படி 7: கடலுக்கு இடம் விடுங்கள்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அலை பாறையில் மோதுகிறது, அறைவதுபோல் கேட்கும். கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மணலில் ஏறி இறங்குகிறது, இழுத்துச் சீறும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஒட்டினால் இந்த ஊர்க்காரன் கண்டுபிடித்துவிடுவான். இரண்டுமே எல்லா அதிர்வெண்களிலும் பரவிய இரைச்சல்தான், அதனால் மூச்சு கலந்த மென்மையான குழல் அதில் கரைந்துபோகும். அலை கேட்கும் இடத்தில் வீணை, கிட்டார் போல மீட்டும் கருவிதான் எடுபடும். குழலை மாதா கோயில் வாசலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வசனத்துக்கு அடியில் இசை போகிறது என்றால், ஒலியளவைக் குறைப்பதோடு ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்குங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பேசும்போது மெட்டு ஓட வேண்டாம்; நீண்ட ஒரு சுரம் நிற்கட்டும், வசனம் முடிந்த இடைவெளியில் மெட்டு வரட்டும்.

படி 8: படத்தில் பாட்டு இருந்தால்

தனி மெட்டு தேடாதீர்கள். இதே மெட்டைப் பல்லவி ஆக்குங்கள். தத்தகாரத்தில், அதாவது ‘தன னன’ என்று, பாடிப் பதிவு செய்து எழுதுகிறவரிடம் கொடுத்தால் அவர் அளவாகச் சொல் போடுவார்.

எழுத ஆள் கிடைக்காவிட்டால், 1908 முதல் 1918 வரை இந்த ஊரிலேயே வாழ்ந்த பாரதி இருக்கிறார். அவர் எழுத்துகள் 1949-இல் அரசுடைமையாகி, பிறகு பொதுமக்களுக்கென்று ஆகிவிட்டன. கண்ணம்மாவைப் பாடியதில் காதலுக்குப் பஞ்சமில்லை. சொற்கள்தான் பொதுச்சொத்து என்பதை மறக்க வேண்டாம். சினிமாவில் அதே பாடலுக்கு ஒரு இசையமைப்பாளர் போட்ட மெட்டு பொதுச்சொத்து இல்லை. இந்தியச் சட்டப்படி, இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை அதற்கு உரிமை உண்டு. ‘கவர் தானே’ என்று சமாளிக்க முடியாது.

படி 9: ஒப்படைப்பு

முழுக்கலவையை மட்டும் கொடுக்காமல், கீபோர்டு தனியாக, குழல் தனியாக, குரல் தனியாக ஸ்டெம்களாகவும் கொடுங்கள். கடைசி நேரத்தில் இயக்குநர் ‘அந்தக் குழல் மட்டும் வேண்டாம்’ என்பார், நிச்சயம் சொல்வார். எல்லாக் கோப்பும் பீப்பிலிருந்தே தொடங்கட்டும். கோப்பின் பெயரில் க்யூ எண்ணும் தொடங்கும் நேரமும் இருக்கட்டும்.

யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால், படத்தின் மொத்த ஒலியளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) அருகே இருந்தால் போதும். அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவர்களே குறைத்துவிடுவார்கள். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஹெட்ஃபோனில் கேட்டு முடித்ததும் சாதாரண ஃபோன் ஸ்பீக்கரில் ஒரு தடவை போடுங்கள். கீழே ஓடிய ‘ச’, ‘ப’ காணாமல் போயிருந்தால், அதையே ஒரு ஸ்தாயி மேலே சன்னமாகச் சேர்த்து மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.