மலேசியா, இந்தோனேசியா வன்மர ஏற்றுமதியை ஒப்பிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

மலேசியாவும் இந்தோனேசியாவும் போர்னியோ தீவைப் பங்கிட்டுக்கொண்டு, மெராந்தி என்னும் வன்மரம் வளரும் ஒரே வகைக் காடுகளில் மரம் வெட்டி உலகுக்கு விற்ற நாடுகள் என்பதால், ஒப்பிட்டுப் பழக இவற்றைவிட நல்ல இணை கிடைப்பது அரிது. ஆனால் உருட்டு மரத்தின், அதாவது அறுக்காத அடிமரத்தின், அளவை மட்டும் எடுத்துக் கோடு வரைந்தால், 1985-க்குப் பிறகு இந்தோனேசியாவின் மர வணிகமே அழிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் உருட்டு மர ஏற்றுமதிக்குத்தான் அந்நாடு தடை விதித்தது. அதே மரம் பிளைவுட்டாகிக் கப்பலேறியது.

முதலில், எதை எண்ணப் போகிறோம் என்பதை முடிவு செய்யுங்கள். வன்மரம் என்பது கடினத்தைக் குறிப்பதன்று. ஊசியிலை இனத்தைச் சேராத மரங்கள் அனைத்தும் அதில் அடங்கும், பஞ்சுபோல் இலேசான பால்சா உட்பட. சுங்கக் குறியீட்டில் 4403 உருட்டு மரம், 4407 அறுத்த மரம், 4412 பிளைவுட். இவற்றுள் ஊசியிலை மரங்களும் கலந்திருப்பதால் ஆறிலக்க உட்பிரிவுகளைப் பார்த்துப் பிரித்தெடுக்க வேண்டும். மலேசியாவின் ரப்பர் மர நாற்காலி, மேசைகள் 94-ஆம் அத்தியாயத்தில் இருப்பதால் இந்தக் கணக்கில் வாரா.

அடுத்து, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் ஃபாவோஸ்டாட் தளத்தில் வனப்பொருள் பிரிவுக்குச் சென்று, இரு நாடுகளின் ஏற்றுமதி அளவைக் கன மீட்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே தரவு 1961 முதல் உள்ளது. டாலர் மதிப்பை ஒப்பீட்டின் அடிப்படையாக்க வேண்டாம். 1997-98 ஆசிய நிதி நெருக்கடியைப் போன்ற காலங்களில் விலை சரிந்ததா, மரம் குறைந்ததா என்று அதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

மூன்றாவது படியில்தான் உண்மையான வேலை இருக்கிறது. மூன்று பொருள்களையும் உருட்டு மர அளவுக்கு மாற்ற வேண்டும். பலகையாக அறுக்கும்போதும் பிளைவுட்டுக்காக மெல்லிய தாள்களாக உரிக்கும்போதும் கழிவு போவதால், அறுத்த மரத்தை ஏறத்தாழ 1.8-ஆலும் பிளைவுட்டை 2.3-ஆலும் பெருக்குவது வழக்கம். விரிதாளில் B நிரலில் உருட்டு மரமும், C-யில் அறுத்த மரமும், D-யில் பிளைவுட்டும் இருந்தால், E2 கட்டத்தில் =B2+C2*1.8+D2*2.3 என்று எழுதிக் கீழே இழுத்துவிடுங்கள். 100 கன மீட்டர் பிளைவுட் 230 கன மீட்டர் உருட்டு மரமாக மாறுவதைக் காணும்போது, 1985-இல் விழுந்த கோடு ஏன் மீண்டும் எழுகிறது என்பது தெளிவாகும்.

பிறகு வரைபடத்தில் கொள்கை மாறிய ஆண்டுகளைச் செங்குத்துக் கோடுகளாகக் குறியுங்கள். இந்தோனேசியா 1998-இல் தடையைத் தளர்த்தி 2001-இல் மீண்டும் கொண்டுவந்தது. மலேசியாவில் காடு மாநிலங்களின் அதிகாரத்தில் இருப்பதால் நாடு முழுவதற்கும் ஒரே கோடு போதாது: சபா 1993-இலும் மீண்டும் 2018-இலும் தடை விதித்தது, சரவாக் ஒதுக்கீட்டு முறையில் உருட்டு மரத்தை அனுப்பிவந்தது.

கடைசியாக, வாங்கிய நாடுகளின் இறக்குமதிப் பதிவையும் அதே வரைபடத்தில் புள்ளிக் கோடாகச் சேருங்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தோனேசிய உருட்டு மரம் வந்ததாகச் சீனா பதிந்த அளவு, இந்தோனேசியா அனுப்பியதாகப் பதிந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. கப்பல் ஆண்டு மாறிச் சேர்வதால் சிறு வேறுபாடு எங்கும் வரும். ஆண்டுதோறும் ஒரே திசையில் நீடிக்கும் இடைவெளி சட்டவிரோதமாக வெளியேறிய மரத்தைக் காட்டக்கூடும் என்பதால், அதைச் சராசரியில் கரைத்துவிடாமல் தனி நிரலாகவே வைத்திருங்கள்.