மாணவர் ஒழுங்குப் புகார்: எச்.எம். முதல் பி.டி. சார் வரை ஒரே பதில் சொல்வது எப்படி?

ஒரே தவறுக்கு பி.டி. சார் வெயிலில் நிறுத்துகிறார், கிளாஸ் டீச்சர் சிரித்துவிட்டுப் போகிறார் என்றால், யாரிடம் எது செல்லும் என்று பிள்ளைகள் ஒரு வாரத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

1. குழு: புகாரை விசாரிக்க எச்.எம்., ஏ.எச்.எம். (உதவித் தலைமை ஆசிரியர்), பி.டி. சார், ஒரு ஆசிரியை. நாலு பேர் போதும். எட்டுப் பேரைப் போட்டால் கூட்டமே நடக்காது.

2. தரம் பிரிப்பு: தாமதம், சீருடை வகுப்பிலேயே முடியட்டும். அடிதடி, திருட்டு குழுவுக்கு. பாலியல் புகார் குழுவுக்கே வரக்கூடாது; உடனே போலீசுக்கு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. உதவிக்கு குழந்தைகள் உதவி எண் 1098.

3. விசாரணை: சறுக்குவது இங்கேதான். எடுத்தவுடன் மன்னிப்புக் கடிதம் வாங்காதீர்கள். கடிதம் கைக்கு வந்ததும் எல்லோருக்கும் விஷயம் முடிந்துபோகும். மறுநாள் வீட்டிலிருந்து "மிரட்டி எழுதி வாங்கினீங்க" என்று வந்து நிற்பார்கள். சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியே உட்கார வையுங்கள். ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுத வேண்டும்: எங்கே, எப்போது, யார் பார்த்தது. "நீதானே தள்ளினே?" என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். "என்ன நடந்தது?" போதும். பிள்ளை சொன்ன வார்த்தையையே எழுதுங்கள்.

எழுத, பக்க எண் போட்ட கெட்டி அட்டை நோட்டுதான் நல்லது. வாட்ஸ்அப் குரூப் வேண்டவே வேண்டாம். பிள்ளையின் பெயர் சாயங்காலத்துக்குள் ஊர் சுற்றிவிடும்.

4. வீட்டுக்குத் தகவல்: "அப்பாவக் கூட்டிட்டு வந்துட்டு கிளாசில கேறுனா போதும்" என்பது நம்ம குமரி மாவட்டத்தில் பழகிய வசனம். தூத்தூர்ப் பக்கம் அப்பா ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அதுவரை பையன் வெளியே நிற்பானா? அம்மாவோ மாமாவோ வரட்டும். குலசேகரம், அருமனையில் ரப்பர் பால் வெட்டுபவர்களைக் காலையில் கூப்பிட்டால் கூலி போகும். மதியம் 2 மணிக்கு வரச் சொல்லுங்கள்.

5. முடிவு: அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் கல்வி உரிமைச் சட்டம், 2009 (பிரிவு 17) தடுக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை வெளியேற்றவும் முடியாது (பிரிவு 16). ஆகவே "டி.சி. கிழிச்சிருவேன்" வெறும் பேச்சு, பிள்ளைகளுக்கும் அது தெரியும். டெஸ்க்கில் கிறுக்கியவன் உப்புத்தாள் வாங்கித் தேய்க்கட்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கும் தேதியையும் நோட்டிலேயே குறித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: புகாருக்குள்ளான பிள்ளை குழுவில் உள்ள ஆசிரியரின் சொந்தக்காரப் பிள்ளையாக இருந்தால்? சின்ன ஊர்களில் இது அடிக்கடி வரும். அவர் அன்றைக்கு விலகிக்கொள்ளட்டும்; அவருக்குப் பதிலாக யார் என்பதை ஜூன் மாதமே எழுதி வையுங்கள்.