எஃப் மைனர் எங்கிருந்து வந்தது?

சி மேஜரில் ஒரு பாட்டு வாசித்துக்கொண்டே போகிறோம். நடுவில் எஃப் மைனர் வந்து நிற்கிறது. ஸ்கேலில், அதாவது பாட்டின் ஏழு சுர வரிசையில், இல்லாத கார்ட்தான் (சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரங்கள்), ஆனால் நெஞ்சைப் பிசைகிறது. என்னிடம் கீபோர்டு கற்கும் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "சார், இதுக்கு என்ன பேரு?"

பெயருக்கு முன்னால் வாசித்துப் பாருங்கள். எஃப் மேஜர், எஃப் மைனர், சி மேஜர். ஒரே ஒரு விரலை மட்டும் கவனியுங்கள்: ஏ, ஏ பிளாட், ஜி. அரை அரைச் சுரமாக இறங்குகிறது. அதை வாய்விட்டுப் பாடுங்கள், பிசைவது எது என்று புரிந்துவிடும். பீட்டில்ஸ் 1965-ல் வெளியிட்ட 'இன் மை லைஃப்' பாட்டில் டி, டி மைனர், ஏ என்று வருவதும் இதே இறக்கம்தான். அங்கே ஸ்கேல் ஏ மேஜர்.

அந்த ஏ பிளாட், சி மைனருக்குச் சொந்தமானது. அதே 'சி'யை ஆதாரமாக வைத்த மைனர் ஸ்கேலிடமிருந்து கடன் வாங்கியிருக்கிறோம். இங்கேதான் பலர் ஏ மைனரைத் தேடிப் போகிறார்கள். அதில் இருப்பதும் சி மேஜரின் அதே ஏழு சுரங்கள். கடன் வாங்க அங்கே புதிதாக எதுவும் இல்லை.

கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. சி மேஜருக்கு இணையான சங்கராபரணத்தில் தைவதத்தை மட்டும் சுத்த தைவதம் (இங்கே ஏ பிளாட்) ஆக்கினால் 27-ஆவது மேளகர்த்தா ராகம், சரசாங்கி. எஃப் மைனரின் மூன்று சுரங்களும் அதற்குள் இருக்கின்றன.

சரி, பெயர். எண்ணுவது எப்போதும் மேஜர் ஸ்கேலை வைத்து. எஃப் நான்காவது சுரம், ஆகவே 'மைனர் நாலு'. எழுதும்போது சிறிய ரோமன் எழுத்தில் (iv). ஈ பிளாட், ஏ பிளாட், பி பிளாட் மேஜர் கார்ட்கள் முறையே பிளாட் மூணு, பிளாட் ஆறு, பிளாட் ஏழு. பெரிய ரோமன் எழுத்துக்கு முன்னால் பிளாட் குறி. ஏ பிளாட்டை ஜி ஷார்ப் என்று மட்டும் எழுதாதீர்கள். கீபோர்டில் ஒரே இடம்தான், ஆனால் எஃப், ஏ, சி என்ற எழுத்து வரிசை கெட்டால் அது எஃப் மைனர் என்றே கண்ணுக்குத் தெரியாது.

ஸ்கேலுக்கு வெளியே உள்ளதெல்லாம் கடனும் இல்லை. சி மேஜரில் டி மேஜர் வந்து ஜி-க்குப் போனால், அதிலுள்ள எஃப் ஷார்ப் சி மைனரில் கிடையாது. அது ஜி-க்கு இட்டுச்செல்லும் கார்ட். சி-யிலிருந்து ஐந்தாவது ஜி, ஜி-யிலிருந்து ஐந்தாவது டி; அதனால் 'ஐந்தின் ஐந்து' என்பார்கள்.

இன்றைக்கு சி, ஏ பிளாட், பி பிளாட், சி என்று மெதுவாக, பெயரைச் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். அப்புறம் அதையே ஜி-யில்: ஜி, ஈ பிளாட், எஃப், ஜி.